சளி, மூக்கடைப்பு, சைனஸ்: மூலிகை வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி விலகும் வரை, வீட்டில் யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். தூதுவளை, கற்பூரவள்ளி, ஆடாதோடை, நொச்சி, சுக்கு என நமக்குத் தெரிந்த மருந்துகளுக்குப் பஞ்சமில்லை. எதை எதற்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்டத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது என்பதில்தான் தடுமாறுகிறோம். மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கஷாயம் குடித்தால் சளி சீக்கிரம் போய்விடுமா?

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றில் ரைனோ வைரஸ் வகைகளே அதிகம். உடம்பு அவற்றை எதிர்த்து வெளியேற்ற 7 முதல் 10 நாள் வரை எடுத்துக்கொள்ளும். கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. நிலவேம்பு சளி, தொண்டைவலியின் கடுமையை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றபடி எந்த மூலிகையும் ஒரே நாளில் சளியை விரட்டிவிடாது.

ஆனால் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடக்கிறோம் என்பதில் மூலிகைக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்டைக் கரகரப்பு அடங்கும், கெட்டிச் சளி இளகும், இரவில் இருமல் தணிந்து தூக்கம் வரும். நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதை மட்டும் எதிர்பார்த்து மூலிகையை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

சாதாரணச் சளி எப்போது சைனஸ் தொல்லையாக மாறுகிறது?

நெற்றியிலும், கன்னங்களிலும், இரு கண்களுக்கு நடுவிலும், மூக்கின் பின்பக்க ஆழத்திலும் காற்று நிறைந்த அறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். இவற்றின் உட்சுவர் எந்நேரமும் கொஞ்சம் நீரைச் சுரக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் அந்த நீரைத் தள்ளித் தள்ளி மூக்குக்குள் கொண்டுவந்து விடும். சளி பிடித்ததும் உட்சுவர் வீங்கி வாசல் அடைபடுகிறது, நீர் உள்ளேயே தேங்குகிறது. தலைபாரம், கன்னத்து வலி, குனிந்தால் நெற்றி தெறிப்பது எல்லாம் இதனால்தான்.

கன்னத்து அறையின் அமைப்பு இன்னும் சிக்கலானது. அதன் வாசல் அடியில் இல்லை, மேல்பகுதியில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் நீர் தானாக வடியாது. மயிரிழைகள்தான் அதை மேலே ஏற்றி வெளியே விட வேண்டும். சளி கெட்டியாக இருந்தால் அவற்றால் நகர்த்த முடியாது. அதனால் சைனஸுக்கு எந்த வைத்தியம் செய்தாலும் அது சளியை இளக்குகிறதா, வாசல் வீக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றையும் செய்யாத மருந்தால் பலன் இல்லை.

பெரும்பாலும் இந்த அடைப்பும் வைரஸ் சளியோடு வந்து அதோடு போய்விடும். 10 நாள் தாண்டியும் துளிகூடக் குறையவில்லை என்றாலோ, குறைந்து வந்தது ஐந்தாறு நாளில் திடீரென்று காய்ச்சலோடும் வலியோடும் மறுபடி ஏறினாலோ, பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அப்போது கஷாயத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

சளி பச்சையாக வருகிறது. ஆண்டிபயாடிக் தேவைதானே?

நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதிதான் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் அந்த நிறம் வருவது வழக்கம். வைரஸிடம் ஆண்டிபயாடிக் எடுபடாது. மெடிக்கலில் கேட்டு நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம்.

ஆவி பிடிப்பது உண்மையிலேயே நல்லதா?

இதமாக இருக்கும் என்பது உண்மை. சூடான ஈரக்காற்று உள்ளே போனதும் சளி கொஞ்சம் இளகும், மூக்கு திறந்தது போல் இருக்கும். நோய் நாளை அது குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில் உறுதியான பலன் கிடைக்கவில்லை. ஆகவே சுகத்துக்காகப் பிடிக்கலாம், கட்டாயமில்லை.

நொச்சி இலை ஒரு கைப்பிடி, கொஞ்சம் வேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இவ்வளவு போதும். நொச்சி கிடைக்காத ஊரில் கற்பூரவள்ளி இலையோ துளசியோ போடலாம். நீலகிரித் தைலம் என்றால் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம். கண் எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுக்கும்.

தைலமோ புதினா உப்போ போட்டதும் மூக்கு பளிச்சென்று திறந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கும். மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பை அந்த மணப்பொருள் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. தூங்கப் போகும் நேரத்தில் அந்த உணர்வும் ஒரு நிம்மதிதான். அதற்காகச் சொட்டு சொட்டாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

நான் அதிகம் அஞ்சுவது வெந்நீர்ப் பாத்திரத்துக்கு. போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்கார்ந்து, அது சரிந்து தொடையும் வயிறும் வெந்துபோய் மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களில் குழந்தைகள் அதிகம். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அகலமான, கவிழாத பாத்திரத்தை மேசைமேல் வையுங்கள். மடியில் வேண்டாம், கட்டில்மேல் வேண்டவே வேண்டாம். முகம் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பதை முற்றிலும் விட்டுவிடலாம். வெந்நீரில் குளிப்பாட்டும்போது குளியலறையில் நிறையும் ஆவியே அவர்களுக்குப் போதும்.

எந்த மூலிகை எதற்கு?

நெஞ்சில் கட்டிய சளிக்கு முதலில் சொல்ல வேண்டியது ஆடாதோடை. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, ஆடுகூட வாய் வைக்காது. இதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அது உடலுக்குள் மாறிக் கிடைப்பது அம்ப்ராக்சால். மெடிக்கலில் வாங்கும் சளி இளக்கும் சிரப்புகள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். நம் வேலியோரச் செடியின் வழித்தோன்றலைத்தான் உலகம் முழுக்க ஸ்பூனில் ஊற்றிக் குடிக்கிறார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஆங்கில மருந்து சிரப்பையும் ஆடாதோடை மணப்பாகையும் ஒரே நேரத்தில் குடித்தால் ஒரே வேலையை இரண்டு மருந்துக்குக் கொடுத்ததாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கற்பூரவள்ளியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். ஓமத்தின் வாசம் அதில் வருவதற்குத் தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ச் சத்துகள் காரணம். இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாறு இருமலுக்கு இதம். பஜ்ஜி போட்டும் சாப்பிடலாம், ஆனால் தொண்டை புண்ணாக இருக்கும்போது எண்ணெய்ப் பலகாரம் வேண்டாமே. தூதுவளையை மருந்தாகப் பார்ப்பதைவிட உணவாகப் பார்ப்பது நல்லது. முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாக அரைக்கலாம், ரசம் வைக்கலாம், தோசை மாவில் கலக்கலாம். வாய்க்கு ருசி போன நாளில் உள்ளே இறங்கும் சாப்பாடு எதுவானாலும் மருந்துதான்.

தொண்டை வறண்டு, விடாமல் வரட்டு இருமல் வந்தால் சித்தரத்தைத் துண்டு ஒன்றையோ அதிமதுரத் துண்டு ஒன்றையோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் மூக்கில் நீரை வரவழைக்கும். அது ஒழுகி வெளியேறுவது அடைப்பு உள்ளவர்களுக்கு நல்லதே. ஒரு கிண்ணம் காரசாரமான மிளகு ரசமும் இதே வேலையைச் செய்யும். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் இந்தக் காரங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

துளசி? மென்று தின்னலாம், தேநீரில் போடலாம். கெடுதல் இல்லை. பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சுக்குக் காபி போடும் முறை என்ன?

சுக்கு ஒரு பங்கு, கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, மிளகு கால் பங்கு. வெறும் வாணலியில் இலேசாக வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து வையுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடி போட்டு, பனங்கருப்பட்டி சேர்த்து, ஒன்றரைத் தம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் மணமே வேறு. பொடிப்பதற்கு முன் சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிடுங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கடைச் சுக்கில் வெண்மைக்காகச் சுண்ணாம்பு பூசுவதும் உண்டு, அதுவும் சுரண்டும்போது போய்விடும்.

நீர்க்கோவை மாத்திரையை விழுங்கலாமா?

கூடாது. அது பத்துப் போடுவதற்கான மருந்து. வெந்நீரிலோ இஞ்சிச் சாற்றிலோ இழைத்து, இளஞ்சூட்டில் நெற்றியிலும் மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் தடவ வேண்டும். மாத்திரை என்ற பெயரைப் பார்த்து வாயில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் டப்பாவின் மேல் "வெளிப்பூச்சு" என்று பெரிதாக எழுதி வையுங்கள். கண்ணுக்கு அருகில் வேண்டாம். தோல் எரிந்தாலோ சிவந்தாலோ உடனே கழுவிவிடுங்கள்.

மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சலாமா?

வேண்டாம். எந்தப் புகையும் மூக்கின் உட்சுவரை எரிச்சலூட்டும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் இடம் அது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் சாம்பிராணிப் புகையையும் நிறுத்தி வையுங்கள்.

சைனஸுக்கு நீங்கள் முதலில் எதைச் சொல்வீர்கள்?

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை. இது மூலிகை இல்லைதான். ஆனால் மேலே சொன்ன எல்லா இலைகளையும்விட நாள்பட்ட மூக்கடைப்புக்கு இதற்கே சான்று அதிகம். யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று பலருக்கு அறிமுகமானது, இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் எழுதித் தருவது.

கொதித்து ஆறிய 250 மி.லி. நீரில் அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. உடல் சூட்டுக்கு வந்ததும் குவளையில் ஊற்றி, கழுவுதொட்டிமேல் குனிந்து தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்கில் விட்டால் மறு மூக்கு வழியே வரும். பிறகு மெதுவாகச் சிந்துங்கள், பலமாக அழுத்திச் சிந்தினால் காதுக்குள் ஏறும். உப்பு குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும்.

குழாய் நீர், கிணற்று நீர், கேன் நீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். கேரளத்திலும் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்திருக்கிறது. அந்தக் கிருமி, நீரைக் குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறினால் மட்டுமே வரும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம். குவளையையும் கழுவிக் காயவையுங்கள்.

கைக்குழந்தைக்குச் சளி. என்ன கொடுக்கலாம்?

முதலில் செய்யக் கூடாதவை. மூக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட்டு ஊதி எடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி நிமோனியாவை உண்டாக்கும், அதைக் குணப்படுத்துவது எளிதல்ல. வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு வயது முடியும் முன் தேன் கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும், மருந்தைக் குழைப்பதும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா வித்து, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். ஒரு வயதுக்குப் பின் இரவு இருமலுக்குத் தேன் நல்ல மருந்து, அரை டீஸ்பூன் போதும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பு வரும். நீலகிரித் தைலப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில மில்லி குடித்தாலே ஆபத்து.

பிறகு என்னதான் செய்வது? தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்குக்கு இரண்டு சொட்டு, பால் குடிக்கும் முன் விடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, எந்த வயதுக் குழந்தையானாலும் மூச்சு வாங்கி விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்னொன்று: ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், குழந்தை பட்டாணியையோ புளியங்கொட்டையையோ உள்ளே தள்ளியிருக்கும். வெளிச்சம் அடித்துப் பார்த்து நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

கர்ப்பிணிகள்?

ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது, தொடவே கூடாது. நிலவேம்பும் அது சேர்ந்த குடிநீர்களும் வேண்டாம். அதிமதுரத்தையும் தவிர்க்கவும். சமையல் அளவில் இஞ்சி, மிளகு, மஞ்சள் சேர்ப்பதில் தடையில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது இவர்களுக்கு மிகவும் ஏற்றது.

பிரஷர், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை?

அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதய நோயாளிக்கும் இது பெரிய ஆபத்து. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். ரசத்தில் போடும் மிளகு பரவாயில்லை, தினமும் சூரணமாக எடுப்பதுதான் சிக்கல். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மஞ்சள், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மணப்பாகு என்பது சர்க்கரைப் பாகு. லேகியத்தில் வெல்லமும் தேனும் உண்டு.

கபசுரக் குடிநீரைத் தினமும் குடித்தால் சளியே வராதா?

சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில், கோரைக்கிழங்கு என 15 சரக்குகள் சேர்ந்த மருந்து அது. 2020-இல் கொரோனா பரவியபோது தமிழகமெங்கும் வழங்கப்பட்டது. அதிலிருந்து பலர் அதைக் காலை டீ போலக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மருந்துக்கு ஒரு காரணமும் ஒரு கால அளவும் வேண்டும். சித்த மருத்துவர் சொன்ன நாள் கணக்குக்கு மேல் போகாதீர்கள்.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீராக மூக்கு ஒழுகுகிறது. எந்தக் கஷாயமும் கேட்கவில்லை.

அது சளியாக இல்லாமல் ஒவ்வாமையாக இருக்கலாம். காய்ச்சல் இல்லை, மூக்கும் கண்ணும் அரிக்கிறது, மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் அநேகமாக அதுவே. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிப்பூச்சி முக்கியக் காரணம். உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவது எந்தச் சூரணத்தையும்விட உதவும். மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயைக் கண்டு பயப்பட வேண்டாம், சரியாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பானது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

தயிர், வாழைப்பழம், தலைக்குக் குளிப்பது?

இவை சளியை உண்டாக்குவதில்லை. தயிரோ பாலோ சளியைப் பெருக்குவதாகவும் நிரூபிக்கப்படவில்லை. ஒத்துக்கொள்ளாதவர் தவிர்க்கலாம், பசியோடு இருக்கும் குழந்தைக்குத் தடை போட வேண்டாம்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கன்னம் மரத்துப்போனாலோ மூக்கிலிருந்து கருப்பாக வந்தாலோ மணிக்கணக்குகூடத் தாமதிக்கக் கூடாது. 2021-இல் கருப்புப் பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பதை நாம் பார்த்தோம்.

ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலித்து, நாற்றமும் இருந்தால் மேல் கடைவாய்ப் பல்லைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், சீழ் அங்கிருந்து வந்திருக்கலாம். சளியே இல்லாமல் மாதாமாதம் வரும் "சைனஸ் தலைவலி" பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. அதற்கு வேறு மருந்து.

முறையான சித்த மருத்துவரை எங்கே பார்ப்பது?

தமிழகத்தில் பல அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பேருந்து நிலையத்திலும் யூடியூபிலும் விற்கும், சேர்மானம் எழுதாத பொடிகளை வாங்காதீர்கள். இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். பற்பமும் செந்தூரமும் உலோகம் சேர்ந்தவை, மருத்துவர் கையால் மட்டுமே வாங்க வேண்டும்.

போகும்போது நீங்கள் எடுக்கும் ஆங்கில மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். அதேபோல ஆங்கில மருத்துவரிடம், வீட்டில் குடிக்கும் கஷாயத்தில் என்னென்ன போடுகிறீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.